காக்கிக்கு அடியில் மயில்கழுத்து

திங்கட்கிழமை காலை நான் பட்டறைக் கதவைத் திறக்கும்போது, ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து மரியதாஸ் அண்ணனின் மைத்துனர் சைக்கிளில் வந்து இறங்கினார். "எங்க மாமா போயிட்டாருண்ணே" என்றார். கையிலிருந்த சாவியை எங்கே வைத்தேன் என்று இன்னும் தெரியவில்லை.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அண்ணன் எங்கள் மோட்டார் பட்டறையின் பெயிண்டர். நான் அங்கே காருக்கு சீட் தைப்பவன்.

நாங்கள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கார் என்பது குதிரையைக் கழற்றிவிட்ட சாரட்டுதான். உயரமான இருக்கை, பித்தளை விளக்கு, மரச்சக்கரம். பிறகு எங்கே பார்த்தாலும் கறுப்பு. அண்ணனுக்குக் கறுப்பு ஆகவே ஆகாது. "எழவு வீட்டுக்குப் போறதுக்கா கார் வாங்குறாங்க?" என்று முதலாளி காதுபடவே கேட்பார். அவர் வாய்க்குப் பூட்டு கிடையாது.

காரின் கூரை தாழ்ந்து, மட்கார்டுகள் உருண்டு திரண்டு, வண்ணங்கள் வரத் தொடங்கிய சமயம். மல்லேஸ்வரத்து அம்மாள் ஒருவர் தம் காருக்கு மயில்கழுத்து நிறம் கேட்டார். அண்ணன் நீலம் அடித்தார். அம்மாள் வந்து பார்த்துவிட்டுப் பதறினார்.

"மயில்கழுத்துன்னா பச்சைதானே? நீலத்த அடிச்சு வச்சிருக்கீங்களே!"

"எங்க வீட்ல நீலத்தத்தாம்மா அப்படிச் சொல்லுவோம்."

முதலாளி, "நாளையிலேருந்து வரவேணாம்" என்றார். அண்ணனின் முகம் சுண்டிவிட்டது. அப்போது அந்த அம்மாள்தான் தம் மயில்கழுத்துப் புடவையின் முந்தானையை வெயிலில் பிடித்தார். நேரே பார்த்தால் நீலம், சாய்த்தால் பச்சை. இருவரும் சிரித்துவிட்டார்கள். கதவுகள் நீலமாகவே இருந்தன, மட்கார்டுகள் பச்சையாயின. அண்ணனின் வேலையும் பிழைத்தது.

உலகச் சண்டை வந்தபோது அந்தக் காரை ராணுவம் எடுத்துக்கொண்டது. காக்கி அடிக்கும் வேலை அண்ணனிடமே வந்தது. பழைய வண்ணத்தைச் சுரண்டிவிட்டு அடிப்பதுதான் முறை. அவர் சுரண்டவில்லை. பின்னால் உரித்தெடுக்க வாகாக மெழுகு பூசி அதன்மேல் காக்கி அடித்தார்.

"அடியில இருக்கட்டும்டா. சண்டை என்ன சாசுவதமா?"

சண்டை முடிந்து கார் திரும்பியபோது, பெயிண்ட் புகை அவர் நெஞ்சில் இறங்கியிருந்தது. "காக்கிய யாரும் தொடாதீங்க, நானே வந்து எடுக்குறேன்" என்று படுக்கையிலிருந்தே சொல்லியனுப்பினார். அதுவரை காக்கியிலேயே ஓட்டுவதாக அம்மாளும் சொல்லிவிட்டார். அந்த நிறத்தை இன்னொரு தடவை பார்க்கவேண்டும் என்பது ஒன்றுதான் அண்ணனுடைய ஆசை. அது நடக்கவில்லை.

அடக்கத்தன்று, அவர் வெறுத்த கறுப்பு வண்டியில்தான் பெட்டி மாதா கோயிலுக்கு வந்தது. அம்மாள் அந்தக் காக்கிக் காரிலேயே வந்தார். அண்ணனின் மனைவி மெல்ல நடந்துபோய்க் காரின் கதவை நகத்தால் கீறினார். ஒரு சில்லு பெயர்ந்து விழுந்தது. அடியில் நீலம்.

"இருக்கும்னு சொன்னாரு" என்றார். நான் வாய்விட்டு அழுதேன்.

கல்லறைக்குக் கறுப்பு வண்டியில் கொண்டுபோக அம்மாள் விடவில்லை. தம் காரின் பின்சீட்டைக் கழற்றச் சொன்னார். நான் தைத்த சீட், நானே கழற்றினேன். பெட்டி உள்ளே போனது.

போய் வாருங்கள், அண்ணே. மிச்சக் காக்கியை நாங்கள் எடுத்துவிடுகிறோம்.