அக்கா கையில் கியர், என் காலில் கிளட்ச்

இரண்டு வருடத்துக்கு முன்பு, ஜூலை மாதத்து மழைநாள் ஒன்றில் நடந்தது இது. புனே வானவடியில் நான் குடியிருக்கும் அப்பார்ட்மென்ட்டின் கார் பார்க்கிங்கில்தான் ஆரம்பித்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேர அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது.

கராடியில் ஐடி வேலை எனக்கு. அன்று வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மதியம் பால் பாக்கெட் வாங்கலாம் என்று கீழே வந்தவன், எதிர் ஃப்ளாட் அக்காவைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். வேலூர்ப் பக்கத்துக்காரர். கணவர் ராணுவத்தில், எல்லையில் டியூட்டி. அக்காவுக்கு ஒன்பதாவது மாதம். துணைக்கு அவருடைய அம்மா அடுத்த வாரம்தான் வருவதாக இருந்தது. அந்த அக்கா தன் பழைய காரின் டிரைவர் சீட்டை நன்றாகப் பின்னால் தள்ளிப் போட்டு, ஒரு கையால் வயிற்றையும் ஒரு கையால் ஸ்டீயரிங்கையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, வலி வந்துடுச்சு. வாட்ச்மேனைக் கேட்டைத் தொறக்கச் சொல்லு."

"நீங்களா ஓட்டிட்டுப் போகப் போறீங்க?"

"வேற யாரு? மழையில ஒரு கேப்பும் வரல. ஆம்புலன்ஸ்காரன் டிராஃபிக்ல நிக்கிறேன்றான்."

"எறங்குங்கக்கா, நான் ஓட்டுறேன்."

யோசிக்காமல் வாயிலிருந்து வந்துவிட்டது. என் கார் சர்வீஸுக்குப் போயிருந்தது. அவர் பக்கத்து சீட்டுக்கு மாறி, நான் உட்கார்ந்து, கீழே குனிந்து பார்த்த பிறகுதான் உறைத்தது. மூன்று பெடல். நான் ஓட்டுவதோ ஆட்டோமேட்டிக். கியர் வண்டியை லைசென்ஸ் எடுப்பதற்காக டிரைவிங் ஸ்கூலில் ஓட்டியதோடு சரி. அதன்பிறகு என் இடது காலுக்கு வேலையே இருந்ததில்லை.

அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சாவியைத் திருப்பினேன். கார் தவளை மாதிரி எகிறி, தூணுக்கு ஒரு சாண் முன்னால் ஆஃப் ஆகி நின்றது. அக்கா இரண்டு கையையும் டேஷ்போர்டில் ஊன்றிக்கொண்டார். வாட்ச்மேன் "ஹளூ, ஹளூ!" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தார். மெதுவாகப் போ என்கிறார்.

"கியர்ல நிக்குது வண்டி! கிளட்ச்சை மிதிக்காம யாராவது ஸ்டார்ட் பண்ணுவாங்களா?"

"அக்கா... நான் ஆட்டோமேட்டிக்தான் ஓட்டுவேன்."

"அடப்பாவி, இதை என்னை எறக்கிவிடறதுக்கு முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

அதற்குள் அடுத்த வலி வந்து கண்ணை இறுக மூடிக்கொண்டார். திறந்தபோது பேச்சு மாறியிருந்தது.

"சரி. கால் உன்னுது, கை என்னுது. நான் மிதின்னா கிளட்ச்சை மிதி. கியரை நான் பாத்துக்கிறேன். நீ ரோட்டைப் பாரு."

அப்படித்தான் கிளம்பினோம். "மிதி" என்பார். மிதிப்பேன். அவர் வலது கையால் கியரைத் தள்ளுவார். "விடு. மெதுவா. மெதுவாடா!" ஸ்பீட் பிரேக்கரில் ஒரு தடவை, சிக்னலில் ஒரு தடவை வண்டி ஆஃப் ஆனது. பின்னால் ஹாரன் காதைக் கிழித்தது. அவரோ வலிக்கு நடுவில் எனக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார்.

பாலத்து ஏற்றத்தில்தான் உயிர் போய் வந்தது. ஓர் ஆட்டோ குறுக்கே புகுந்தது. பதறிப்போய் பிரேக்கை மட்டும் அழுத்தினேன், கிளட்ச்சை மறந்தேன். வண்டி ஆஃப். ஏற்றத்தில் என் கார் தானாகவே கொஞ்ச நேரம் நிற்கும். அந்தப் பழக்கத்தில், மறுபடி ஸ்டார்ட் பண்ணக் கிளட்ச்சை மிதித்துக்கொண்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டேன். இந்தக் கார் பின்னால் சரிந்தது. ரியர்வியூ கண்ணாடி முழுக்க ஒரு பஸ்ஸின் முகம். பிரேக் எது, கிளட்ச் எது என்று காலுக்குத் தெரியவில்லை. "ஐயோ!" என்று மட்டும் கத்தினேன்.

'கிறீச்' என்று ஹேண்ட் பிரேக்கை இழுத்தது அக்காதான்.

பஸ் டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டி, ஓட்டத் தெரியாதவனெல்லாம் ஏன் ரோட்டுக்கு வருகிறான் என்று இந்தியில் கத்தினார். அக்கா கண்ணாடியை இறக்கி, மழையில் தலையை வெளியே விட்டு, "டெலிவரி, பாய்சாப்! டெலிவரி!" என்று திருப்பிக் கத்தினார். பஸ் டிரைவரின் திட்டு பாதியில் நின்றது. பஸ்ஸை லேசாகக் குறுக்கே திருப்பி, பின்னால் வந்த வண்டி எல்லாவற்றையும் மறித்துக்கொண்டு, 'நிதானமாகப் போ' என்று கையைக் காட்டினார். அந்தக் கையைத் தவிர அவரைப் பற்றி எனக்கு எதுவும் ஞாபகமில்லை.

அக்கா ஹேண்ட் பிரேக்கை மெல்ல விட, நான் கிளட்ச்சை மெல்ல விட, ஏறிக் கடந்தோம். பாலம் இறங்கியதும் இன்ஜின் அலறியது. "மூணாவது போடுங்கக்கா" என்றேன். கியரைப் பிடித்திருந்த அவர் விரல்கள் வெளுத்து, இறுகிப் போயிருந்தன. நானே மாற்றலாம் என்றால் அந்தப் பிடி அசையவில்லை. "போ... அப்படியே போ" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். ஆஸ்பத்திரி வரைக்கும் இரண்டாவது கியரிலேயே, ஹாரனை அழுத்திக்கொண்டே போனேன்.

வாசலில் வீல் சேரோடு வந்த நர்ஸ், நீங்கள் கணவரா என்று கேட்டார். "இல்லை, டிரைவர்" என்றேன்.

"இவனா டிரைவரு?" என்றார் அக்கா, கண்ணை மூடியபடியே.

வீல் சேர் வராந்தா திருப்பத்தைக்கூடத் தாண்டவில்லை. அவர் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நர்ஸுகள் ஓடினார்கள். பிரசவ அறைக் கதவு மூடிக்கொண்டது. கையில் கார் சாவியோடு வெளியே நின்றேன். இடது கால் மட்டும் இன்னும் கிளட்ச்சைத் தேடித் தரையை மிதித்துக்கொண்டே இருந்தது. உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்ல யாரும் வரவில்லை. எல்லையில் இருக்கும் மனிதருக்கு என்னவென்று சொல்வது?

கடைசியில் டாக்டர் வந்தார். பெண் குழந்தை, இருவரும் நலம். பிரஷர் ஏகத்துக்கும் ஏறி மயங்கியிருக்கிறார், வழியில் மயங்கியிருந்தால் நினைத்துப் பார்க்கவே முடியாது என்றவர், "வண்டியை ஓட்டினது யாரு?" என்று கேட்டார்.

"ரெண்டு பேரும்" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

அப்போதுதான் எனக்கு உட்காரவே தோன்றியது. பால் வாங்க நான் கொஞ்சம் பிந்தி இறங்கியிருந்தால், அந்த ஸ்டீயரிங்கில் அக்கா மட்டும் இருந்திருப்பார். அந்த ஏற்றத்தில் அவர் கை கொஞ்சம் பிந்தியிருந்தால், இரண்டு உயிருக்கு நான் பதில் சொல்லியிருக்க வேண்டும். யார் யாரைக் காப்பாற்றினோம் என்று இன்றுவரை எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். வீட்டில் எல்லோரும் எதற்கும் என்னைத்தான் கேட்பார்கள், அதனால் 'எனக்குத் தெரியாது' என்று சொல்லியே பழக்கமில்லை. ஆனால் ஆட்டோமேட்டிக்தான் ஓட்டுவேன் என்று ஒத்துக்கொண்ட பிறகுதான் அன்று அந்தக் கார் ஒழுங்காக நகர்ந்தது. கூச்சப்பட்டு அதையும் விழுங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற பயம், இத்தனை நாள் கழித்தும் என்னை விட்டுப் போகவில்லை. போகவும் வேண்டாம் என்றே நினைக்கிறேன்.