பட்டியல் அக்காவின் முதல் கேரம் போட்டி

அந்த ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் யாருக்கு எந்த வாரம் என்ன வேலை, யாருக்கு என்றைக்கு லீவு என்று பட்டியல் போடுவது அக்காதான். பதினோரு வருஷமாக அந்தப் பேனா அவள் கையில். பட்டியல் அக்கா என்றால்தான் வாசல் காவலாளிக்கே தெரியும். வார்டுகளிலிருந்து வரும் அழுக்குத் துணியைப் பிரிப்பதுதான் அங்கே மோசமான வேலை; மூக்கைப் பிடித்துக்கொண்டு செய்ய வேண்டும். அதை எல்லோருக்கும் முறை வைத்துப் போடுவாள், தன் பெயரையும் விடமாட்டாள். இப்படி ஒரு மேலாளை வலை போட்டுத் தேடினாலும் கிடைக்காது.

மதியம் சாப்பிட்டுக் கை கழுவியதும் கேரம். துவைக்கும் இயந்திரங்களுக்குப் பின்னால், தரையில் தண்ணீர் வடியும் கால்வாயை ஒட்டி ஒரு பழைய மேசை, அதன்மேல் போர்டு. ஜன்னலுக்கு முதுகு காட்டும் நாற்காலி அக்காவுடையது. வேறு யாரும் அதில் உட்கார மாட்டார்கள். ஓங்கி அடித்துக் காய்களைச் சிதறவிடும் ஆட்டம் அவளுக்குப் பிடிக்காது. மெல்லத் தட்டுவாள். காய் பூனை மாதிரி நடந்துபோய்க் குழியில் இறங்கும். பத்து ஆட்டத்தில் எட்டு அவளுக்குத்தான்.

ஒருநாள் தலையணை உறைகளைக் கூடையில் அள்ளிக்கொண்டு வந்தபோது, உலர்த்தும் இயந்திரத்துக்கு அந்தப் பக்கம் இஸ்திரிக்காரியின் குரல் கேட்டது.

"லீவு வேணுமா? அக்காகிட்ட கேரம் ஆடித் தோத்துட்டு வா. தானா கிடைக்கும்."

இரண்டு பேர் சிரித்தார்கள். அக்கா வந்த சுவடு தெரியாமல் திரும்பிப் போனாள்.

சண்டை போட்டிருக்கலாம். போடவில்லை, ஏனென்றால் அது பொய்தானா என்று அவளுக்கே நிச்சயமில்லை. இத்தனை வருஷமும் ஜெயித்தது தன் கையா, அந்தக் கையில் இருந்த பேனாவா? இந்தக் கேள்வி நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு யாராவது ஒரு காயைத் தவறவிட்டால்கூட, வேண்டுமென்றே விடுகிறாளோ என்று முகத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். ஆட்டம் கசந்துபோனது.

அந்த மாதம் நகரத்து ஊழியர்களுக்கான கேரம் போட்டி என்று அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினார்கள். அக்கா நேராகப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டாள். அங்கே யாருக்கும் அவளிடம் லீவு வேண்டாம். அங்கே தெரிந்துவிடும்.

பஸ் ஓட்டும் அவள் கணவருக்கு ஆச்சரியம். "நீயா? போட்டிக்கா?"

"ஏன், நான் போகக் கூடாதா?"

"ஐயோ, நான் ஒண்ணும் சொல்லலம்மா. நானும் வர்றேன்." வந்தார். வந்து, கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்த அஞ்சாம் நிமிஷம் குறட்டை விட்டார்.

மண்டபத்தில் பதினாறு போர்டுகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு விளக்கு. எதிரே உட்கார்ந்தது தபால் நிலையத்து அம்மா ஒருத்தி, போன வருஷம் இரண்டாம் பரிசு வாங்கியவள். ஸ்ட்ரைக்கரை வெல்வெட் பையிலிருந்து எடுத்துத் துடைத்தாள். அக்காவுடைய ஸ்ட்ரைக்கர் டிபன் பாக்ஸோடு உருண்டு வந்திருந்தது. மூன்று ஆட்டம், இரண்டு ஜெயித்தால் அடுத்த சுற்று. ஓர் ஆட்டத்துக்கு இருபத்தைந்து புள்ளி.

முதல் ஆட்டத்தில் அக்கா மானம் கப்பலேறியது. எப்போதும் போல மெல்லத் தட்டினாள். காய் குழியின் விளிம்பு வரை போய் முட்டி நின்றது. இன்னொன்று, அதுவும் அப்படியே. கைக்கெட்டியது எதுவும் உள்ளே இறங்கவில்லை. இருபத்தைந்துக்கு மூன்று.

"அஞ்சு நிமிஷம் இடைவேளை" என்றார் நடுவர்.

கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவினாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆக, இஸ்திரிக்காரி சொன்னது நிஜம். பதினோரு வருஷம் எல்லோருமாகச் சேர்ந்து ஒரு பைத்தியக்காரிக்கு விளையாட்டுக் காட்டியிருக்கிறார்கள். கழிவறை வாசல் வரை எழுந்து வந்துவிட்ட கணவர் கேட்டார், "என்னம்மா, கிளம்பலாமா?"

"ம்" என்று சொல்ல வாயெடுத்தாள். அவள் முகத்திலிருந்து சொட்டிய தண்ணீர் தரையில் விழுந்து, கோடாக ஓடி, மூலையில் இருந்த வடிகாலில் இறங்கியது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சலவைக்கூடத்துத் தரையும் அப்படித்தான், கால்வாய்ப் பக்கம் சரிவு. அந்தத் தரையில்தான் மேசை. அவள் நாற்காலிக்கு வலது பக்கம் கால்வாய். மெல்லப் போகிற காய் அங்கே வலது பக்கம் கொஞ்சம் ஒதுங்கும். அதனால் கை தானாக ஒரு நூல் இடது பக்கம் பார்த்துத்தான் தட்டும். கேரம் என்றாலே அப்படித்தான் என்று இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தார்கள், அவளும் அந்த மொத்தக் கூட்டமும். இங்கே தவறிய காய்கள் அத்தனையும் எந்தப் பக்கம் முட்டின? இடது பக்கம். எல்லாமே அதே ஒரு நூல்.

"தப்பு என் கையில இல்லைங்க" என்றாள் கணவரிடம். "மேசைதான்."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "சரிம்மா" என்று மட்டும் சொன்னார்.

தெரிந்துகொள்வது ஒன்று, கையைக் கேட்க வைப்பது வேறு. பதினோரு வருஷப் பழக்கம் விரலைப் பிடித்து இடது பக்கம் இழுத்தது. ஒவ்வொரு அடிக்கும் முன்னால் மூச்சைப் பிடித்து, நேர், நேர் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். இரண்டாம் ஆட்டத்தின் நடுவில் ஒரு கறுப்புக்காய் மெதுவாக, அவளுக்கே தெரிந்த அந்தப் பழைய நடையில் போய்ச் சத்தமில்லாமல் உள்ளே இறங்கியது. அப்புறம் அக்கா வெளுத்து வாங்கினாள். தபால் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, அப்போதுதான் முதல்முறையாக இவள் முகத்தை நன்றாகப் பார்த்தாள். இருபத்தைந்துக்குப் பத்தொன்பது, அந்த ஆட்டம் அக்காவுக்கு.

மூன்றாவதில் தோற்றாள். இருபத்திரண்டு வரை வந்து தோற்றாள்.

"எந்த கிளப்புல ஆடுறீங்க?" என்று கேட்டாள் தபால் அம்மா, வேர்வையைத் துடைத்தபடி.

"கிளப்பெல்லாம் இல்லைங்க. துணி துவைக்கிற இடம்."

கை பொய்யில்லை என்று தெரிந்துவிட்டது. ஆனால் இயந்திரத்துக்கு அந்தப் பக்கம் கேட்ட அந்தச் சிரிப்பு? அது இன்னும் பாக்கி.

திங்கட்கிழமை அட்டைகளை மடித்துக் கேரம் மேசையின் கால்வாய்ப் பக்கக் கால்களுக்கு அடியில் வைத்தாள். விஷயத்தை எல்லோருக்கும் சொன்னாள். "அடக் கடவுளே, இத்தனை நாளா கோணலாவா ஆடினோம்!" என்று ஒருத்தி தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு அக்கா பேனாவை எடுத்து இஸ்திரிக்காரியின் கையில் வைத்தாள்.

"அடுத்த மாசப் பட்டியல் நீ போடு. எனக்கும் சேர்த்து. இப்ப உட்காரு, ஆடலாம்."

இஸ்திரிக்காரிக்கு முகம் வெளிறிவிட்டது. "அக்கா, அது... சும்மா வாய்க்கு வந்ததை..."

"தெரியும். உட்காரு."

அந்த வாரம் ஐந்து நாளும் இரண்டு பேரும் ஆடினார்கள். புதன்கிழமை இஸ்திரிக்காரி ஜெயித்து, நாற்காலி பின்னால் சாயக் குதித்தாள். மற்ற நாலு நாளும் தோற்றாள். வெள்ளிக்கிழமை கடைசிக் காயையும் அக்கா பூனை நடையில் உள்ளே அனுப்பியபோது, இஸ்திரிக்காரி ஸ்ட்ரைக்கரைத் தூக்கிப் போட்டுவிட்டு எழுந்து போனாள்.

சனிக்கிழமை காலை சுவரில் புதுப் பட்டியல் தொங்கியது. அழுக்குத் துணி பிரிப்பது: முதல் வாரம் பட்டியல் அக்கா. இரண்டாம் வாரம் பட்டியல் அக்கா. மூன்றாம் வாரமும், நாலாம் வாரமும் அவளேதான். பேனா அழுத்தியதில் தாள் ஓரிடத்தில் கிழிந்தே இருந்தது.

விட்டுக்கொடுத்துத் தோற்றவளுக்கு இத்தனை கோபம் வராது. அக்கா அதை இரண்டு தடவை படித்தாள். கண் நிறையச் சிரித்தாள். கையுறையை மாட்டிக்கொண்டு அழுக்குத் துணி மூட்டையை அவிழ்த்தாள்.