தரையில் உட்காராதவள்

எனக்கு வாய் நீளம். புஷ்பவல்லி காதில் ஒரு விஷயம் விழுந்தால் பஸ் ஏறிப் போயாவது சொல்லிவிட்டு வருவாள் என்று விக்கிரமங்கலத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பொய்யில்லை. அதனால்தான் என் நாத்தனார் கிருஷ்ணம்மாள் மூன்று வருஷம் ஒரு வலியை என்னிடமிருந்து மறைத்தாள். அடுத்த வீட்டில் இருந்துகொண்டு, ஒரே குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு மறைத்தாள்.

அவள் என் வீட்டுக்காரருக்கு அக்கா. வயது ஐம்பத்தெட்டு. புருஷன் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகன் ரஞ்சித்குமாருக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. ஒரு மழைநாளில் ஆட்டுக்கொட்டகையில் வழுக்கி விழுந்து அவளுக்கு இடுப்பு முறிந்தது. திருச்சி ஆஸ்பத்திரியில் காப்பீட்டு அட்டையைக் காட்டி, உடைந்ததை எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டு வைத்தார்கள். அனுப்பும்போது டாக்டர் சொன்னதை நானும் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"நல்லா நடங்கம்மா. நடக்க நடக்கத்தான் நல்லது. தரையில மட்டும் ஒக்காராதீங்க. குந்தவும் கூடாது, சம்மணமும் போடக் கூடாது."

நடக்கச் சொன்னது அவளுக்குப் போதுமானதாக இருந்தது. ஏழு ஆடு வைத்திருந்தாள். நாலாம் மாதமே தழை ஒடிக்கிற தொரட்டியைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைக்குக் கிளம்பிவிட்டாள். வீட்டில் சாப்பிடவும் அரிசி புடைக்கவும் ஒரு நீல பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போட்டுக்கொண்டாள். "அடியாத்தி, இரும்பு மூட்டு வச்சாலும் வச்சாங்க, இவளைப் பிடிக்க முடியலையே!" என்று ஊரெல்லாம் சொன்னவள் நான்தான். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

வலி போகவே இல்லை. அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. காலையில் கட்டிலை விட்டு எழுந்ததும் தொடையிடுக்கில் கொக்கி போட்டு இழுப்பது போலிருக்குமாம். கதவைப் பிடித்துக்கொண்டு நூறு எண்ணுவாளாம், அப்புறம்தான் முதல் அடி. ஏரிக்கரையில் தொரட்டியை அக்குளில் முட்டுக்கொடுத்து நிற்பாள். தழை ஒடிக்க நிற்கிறாள் என்று நினைத்துக்கொண்டோம். இரண்டு தடவை தனியாகத் திருச்சி போய் எக்ஸ்ரே எடுத்திருக்கிறாள். மூட்டு நன்றாகத்தான் இருக்கிறது, சிலருக்கு வலி தங்கிவிடும் என்றார்களாம். இரண்டு தடவையும் என்னிடம் ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்குப் போவதாகச் சொன்னாள். நானும் பைத்தியக்காரி மாதிரி, "எனக்கும் ஒரு மெழுகுவத்தி ஏத்துக்கா" என்று சொல்லி அனுப்பினேன்.

மறைத்ததற்குக் காரணம் ரஞ்சித்குமார். "நடக்க முடியலைன்னு ஒரு வார்த்தை காதுல விழுந்துச்சு, அன்னைக்கே ஆட்டையெல்லாம் வித்துட்டு உன்னைக் கூட்டிக்கிட்டு வந்துடுவேன்" என்று வாராவாரம் போனில் சொல்வான். நல்ல பிள்ளை, அக்கறையில் சொன்னதுதான். ஆனால் அவன் இருப்பது மூன்றாவது மாடியில் ஒற்றை அறை. மகனும் மருமகளும் வேலைக்குப் போனால் பகலெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டும். நடை நின்றால் தன் கதை முடிந்தது என்று அவளுக்குப் பயம். "கல்லாட்டம் இருக்கேன்டா" என்பாள். என் வாயில் விழுந்தது திருப்பூர் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று அவளுக்கா தெரியாது?

போன தை மாதம் மூத்த நாத்தனார் அமிர்தவல்லி திருமழபாடியில் தவறிப்போனாள். பிறந்த வீட்டுக் கோடிச் சேலையோடு வேனில் போய் இறங்கினோம். எங்கள் பக்கத்துச் சாவு வீட்டில் நாற்காலியெல்லாம் வெளியே ஆண்களுக்கு. பெண்கள் பிணத்தைச் சுற்றித் தரையில் உட்கார்ந்து, ஒருத்தி தோளை ஒருத்தி கட்டிக்கொண்டு, குனிந்து அழ வேண்டும். கூடப்பிறந்தவளுக்குத் தலைமாட்டில் இடம்.

கிருஷ்ணம்மாள் வெளியிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்து வந்து தலைமாட்டில் போட்டு உட்கார்ந்தாள்.

"செத்தவ தலைக்கு நேரா காலைத் தொங்கப்போட்டு ஒக்காந்திருக்கா பாரு, மகாராணி" என்று யாரோ முணுமுணுத்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பிறந்த வீட்டு மானம் போகிறதே என்று ஆத்திரம் வந்தது. டாக்டர் சொன்னது எனக்கு மறந்துவிடவில்லை. ஆனால் மூன்று வருஷமாக ஆட்டோடு அலைகிறவள் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் என்ன ஆகிவிடும்? போய்க் கையைப் பிடித்தேன்.

"எறங்குக்கா. எல்லாரும் பாக்குறாங்க."

"முடியாதுடி புஷ்பம்."

"ஆட்டுக்குப் பின்னால ஓட முடியுது, கூடப்பொறந்தவளுக்கு ஒக்கார முடியலையா?"

என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் இறங்கினாள். இரண்டு பக்கமும் பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டார்கள். "என்னப் பெத்த அக்கா..." என்று குனிந்தாள். டக்கென்று ஏதோ சத்தம். அப்புறம் அவள் அலறிய அலறல் இருக்கிறதே, ஐயோ, அதை நாங்கள் அக்காவுக்கு அழுகிற அழுகை என்றே நினைத்தோம். பெண்கள் அவளை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டு, இன்னும் சத்தமாக அழுதார்கள். நானும்தான். அவள் மயங்கிச் சாய்ந்த பிறகுதான் கால் திரும்பிக் கிடந்ததைப் பார்த்தோம்.

மூட்டு கழன்றிருந்தது. மயக்க மருந்து கொடுத்து மறுபடி பொருத்தினார்கள். அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டுதான் மூன்று வருஷக் கதையையும் எனக்குச் சொன்னாள். ஒரு இடத்தில்கூட என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ரஞ்சித்குமார் வந்தான். "ஒரு மாசம் குடுடா. ஏரிக்கரை வரைக்கும் நடந்து காட்டுறேன். முடியலைன்னா வரேன்" என்று கெஞ்சினாள். ஒரு மாதம் வீட்டுக்குள்ளேயே சுவரைப் பிடித்து நடந்து பழகினாள். சொன்ன நாளில் தொரட்டியை ஊன்றிக்கொண்டு கிளம்பினாள். மகன் முன்னால், நான் பின்னால். போய்விட்டுத் திரும்பியும் வந்துவிட்டாள். வீட்டு வாசலில், நிலைப்படியைத் தாண்டக் கால் எழும்பவில்லை. ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை தூக்கிப் பார்த்தாள். ரஞ்சித்குமார் அழுதான். அப்புறம் ஆட்டு வியாபாரிக்குப் போன் போட்டான்.

ஊருக்கே வாயாடுகிற நான் அப்போது, "இங்கேயே இருக்கட்டும், நான் பாத்துக்கறேன்டா" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் மேல் எனக்கே நம்பிக்கை இல்லை.

காரில் ஏற்றியபோது கண்ணாடியை இறக்கி என்னைக் கூப்பிட்டாள். அவளுடைய நீல நாற்காலி வாசலில் கிடந்தது.

"அத எடுத்து வச்சுக்கடி புஷ்பம். செத்தா என்னைய இங்கதான் கொண்டாருவாங்க. அன்னைக்கு எவளாச்சும் ஒக்கார முடியலைன்னா, அதுல ஒக்காரட்டும். கையப் புடிச்சு இழுக்காத."