சிரிப்புப் பக்கம் திரும்பிய டிஷ்

கண்டிக்கு மேலே, ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு கதை உலாவியது. டிஷ் பூட்டுகிற நஸீப், தனக்குப் பிடிக்காத நாடகத்தை ஊரும் பார்க்கக் கூடாது என்று தொழிலாளர் வரிசையாக இருக்கும் லயத்து வீடுகளில் அதை மட்டும் நிறுத்திவிட்டார் என்பதே அது. லயத்திலிருந்து புறப்பட்டபோது கதையில் அவர் வெட்டியதாக ஒரு துண்டு வயர்தான் இருந்தது. கண்டி மார்க்கெட்டுக்கு இறங்கி வருவதற்குள் வயர் ஸ்விட்ச் ஆகிவிட்டது. பிலிமத்தலாவையில் அவருடைய கடையில், மேசைக்கடியில், சிவப்பு ஸ்விட்ச். மாலையில் நாடகத்து மருமகள் அழத் தொடங்கியதும் நஸீப் அதை அமத்துவாராம்.

ஸ்விட்ச் இல்லை. மேசைக்கடியில் இருப்பது ஒரு சோடிப் பழைய செருப்பும், மனைவி றம்லத் கட்டிக் கொடுக்கும் சாப்பாட்டுப் பெட்டியும்தான். ஆனால் நாடகம் நின்றது உண்மை. அது நின்ற வீடுகள் எல்லாமே நஸீப் டிஷ் பூட்டிய வீடுகள் என்பதும் உண்மை. ஆகவே மிச்சத்தையும் விசாரிக்க வேண்டியிருந்தது.

நஸீப் கண்டிப் பக்கத்துக் கூரைகளில் பாதி ஆயுளைக் கழித்தவர். தெல்தோட்டை முதல் ஹந்தானை வரை எந்தத் தகரம் ஆளைத் தாங்கும், எது தாங்காது என்று அவருடைய முழங்காலுக்குத் தெரியும். வேலையைவிட அவருடைய அபிப்பிராயங்களுக்குத்தான் பேர் அதிகம். றிமோட் பழுதென்று கடைக்கு வருகிறவர் றிமோட்டோடு ஒரு விமர்சனத்தையும் வாங்கிக்கொண்டுதான் போவார். நாடகக் குடும்பங்களில் ஒருவரும் வேலைக்குப் போவதில்லை. படுக்கப் போகும்போதும் பட்டுச்சேலை கட்டுகிறார்கள். ஒரு கதவுக்காவது கொண்டி இல்லை, இருந்தால் ஒட்டுக்கேட்க ஆளில்லாமல் கதை முதல் வாரமே முடிந்துவிடும். இவை அவருடைய பிரதான குற்றச்சாட்டுகள். அவர் கொமடிக் கட்சி. ஒரு தொடர்மாடி வீட்டில் தொந்தி வைத்த பொலிஸ்காரரும் அவருடைய மனைவியும் சண்டை பிடிக்கும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஒவ்வொரு வசனத்துக்கும் பின்னால் கூட்டமாகச் சிரிப்புச் சத்தம் போடுவார்கள். அந்தச் சிரிப்போடு சேர்ந்து சிரிக்கும்போது, வீட்டில் தான் ஒருவர்தான் சிரிக்கிறோம் என்பது நஸீபுக்குத் தெரிவதில்லை. றம்லத் எதிர்க்கட்சி.

ஹந்தானையில் எதிர்க்கட்சித் தலைவி றீற்றா. தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் வேலை. பகலெல்லாம் மற்றவர்கள் பெற்ற பிள்ளைகளின் அழுகையை அடக்கிவிட்டு, மாலையில் தன் அழுகைக்கென்று அரை மணித்தியாலம் ஒதுக்கி வைத்திருப்பவர். அந்த நாடகத்தின் மருமகள் ஒரு விபத்தில் ஞாபகத்தை இழந்து, சொந்த வீட்டிலேயே வேலைக்காரியாக இருந்துகொண்டிருந்தாள். அவளுக்கு ஞாபகம் எப்போது திரும்பும் என்றுதான் லயமே மாதக்கணக்கில் காத்திருந்தது.

மழைக்கு முன்னர் ஒருநாள் நஸீப் றீற்றா வீட்டுக்கு வயர் மாற்றப் போனார். தேத்தண்ணீர் வந்தது, கூடவே வாக்குவாதமும் வந்தது. அந்த மருமகள் ஞாபகம் போவதற்கு முன்னமே அந்த வீட்டை விட்டுப் போயிருக்க வேண்டும், போகாதது அவளுடைய பிழை என்று நஸீப் தீர்ப்புச் சொன்னார். போனால் நாடகம் எங்கே என்று றீற்றா கேட்டார். அதைத்தான் தானும் சொல்வதாக நஸீப் சொன்னார்.

“அழுறத்துக்கு டீவி என்னத்துக்கு அக்கா? அதுக்குத்தான் கரண்ட் பில் வந்தீக்கே.”

“சிரிச்சது கையோட போயிரும் நானா,” என்றார் றீற்றா. “அழுதது மறுநா வேலைக்கும் கூட வரும்.”

வாதம் கைவிட்டுப் போகும்போது நஸீப் வழக்கமாகச் செய்வதைச் செய்தார்; கூரைக்கு ஏறிவிட்டார். லயம் மறக்காமல் ஞாபகம் வைத்திருந்தது அந்த ஏற்றத்தைத்தான்.

அடுத்த வாரம் மழையும் மூட்டமும் சேர்ந்து வந்தன. திங்கட்கிழமை மருமகளின் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. செவ்வாய் குரல் போனது. புதன்கிழமை ஒன்றுமே இல்லை, கறுப்புத் திரை. புதன்கிழமைதான் அவளுக்கு ஞாபகம் திரும்பியது. இந்தச் செய்தி மறுநாள் தோட்டத்தின் வேறு டிவிஷன்காரர்கள் சொல்லித்தான் லயத்துக்குத் தெரியும். அந்த மழையிலும் பொலிஸ்காரரின் கொமடி மட்டும் கண்ணாடி மாதிரித் தெளிவாக வந்துகொண்டிருந்தது. டவுனிலிருந்து வரும் சுதேஷ் டிஷ் பூட்டிய ஒரேயொரு வீட்டில் நாடகமும் வந்தது. அந்த வீட்டோடு றீற்றாவுக்குப் பேச்சுவார்த்தை இல்லை. போனில் பார்க்கலாமே என்றதற்கு, விரலளவு முகத்தைப் பார்த்தால் தனக்கு அழுகை வராது என்றுவிட்டார்.

வெள்ளிக்கிழமை றீற்றாவின் கணவர் வின்சன்ட் பிலிமத்தலாவைக்கு வந்தார். லயத்தை விட்டுச் சரிவில் கட்டிய தனித்தனி வீடுகளுக்கு ஜனங்கள் குடிபோக இருந்த நேரம் அது. எல்லா வீட்டுக்கும் டிஷ் வேண்டும். யாரிடம் கொடுப்பது என்று பேசி முடிக்கும் பொறுப்பை வின்சன்டிடம் விட்டிருந்தார்கள். அந்த வேலை வந்தால் நஸீபுக்கு இந்த வருடம் கையைப் பிசைய வேண்டியதில்லை. வராவிட்டால் வேலை மட்டுமல்ல, ஹந்தானையே போய்விடும். ஒரு மலையில் பேர் கெட்டால் அடுத்த மலையில் ஏணி சாத்த விடமாட்டார்கள்.

வின்சன்ட் சண்டைக்கு வரவில்லை. கதிரையில் உட்கார்ந்து, மேசைக்கடியில் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“நான் ஒன்னும் சொல்லல நானா. லயத்துல பேசிக்கிறாங்க. ஞாயித்துக்கெழம பூசைக்குப் பொறகு முடிவு சொல்லணும். சுதேஷுக்குக் குடுத்துருவோம்னுதான் நிக்கிறாங்க.”

தான் அப்படிச் செய்யவில்லை என்று நஸீப் அல்லாஹ் மீது ஆணையிட்டார். வின்சன்ட் நம்பினார். ஆனால் றீற்றாவிடம் போய் அந்த ஆணையைத் திரும்பச் சொல்ல ஆளில்லை என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார்.

அன்று மாலை நஸீப் வீட்டில் உட்கார்ந்து யோசித்தார். வெளியே நல்ல மழை. உள்ளே றம்லத் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தார். மருமகள் ஓர் உடைவும் இல்லாமல், சொட்டுச் சொட்டாக, மிகத் துல்லியமாக அழுதுகொண்டிருந்தாள். நஸீபுக்கு அப்போதுதான் உறைத்தது. இதுவும் தான் பூட்டிய டிஷ்தான். ஹந்தானையில் வராத அழுகை இங்கே மட்டும் எப்படி வருகிறது?

மனைவியிடமே கேட்டார். றம்லத் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“நீங்க கூரையில நிண்டு திருக்கினீங்க. நான் இங்க நாடகத்தப் போட்டுட்டு நிண்டு, வருது, விடுங்கன்னு சென்னேன். மறந்துட்டா?”

நஸீப் மறக்கவில்லை. மற்ற வீடுகளில் தான் எப்படித் திருகுவது வழக்கம் என்பதைத்தான் அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை. சிக்னல் பார்க்கிற பெட்டியை அவர் நம்புவதில்லை. கீழே டீவியில் பொலிஸ்காரரின் சேனலைப் போட்டு, சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டுத் தனியாகக் கூரைக்கு ஏறுவார். தகரத்துக்குக் கீழிருந்து அந்தக் கூட்டச் சிரிப்பு உடையாமல் வந்தால் நட்டை இறுக்குவார். இருபது வருடமாக இதுதான் அவருடைய தொழில்முறை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. எல்லாச் சேனலும் ஒரே திசையிலிருந்து வந்தாலும் ஒரே மாதிரி வருவதில்லை. சிலவற்றின் அலை நின்றபடி வரும், சிலவற்றின் அலை படுத்தபடி வரும். டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கை இரண்டுக்கும் பொதுவாகத் திருகி வைக்க வேண்டும். பொலிஸ்காரர் நின்றபடி வருகிறவர். மருமகள் படுத்தபடி வருகிறவள். நஸீப் பூட்டிய மூக்குகள் எல்லாம் சிரிப்புப் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தன. வெயிலில் இது தெரியாது. மழை வந்தால் முதலில் போவது அழுகைதான்.

ஆக, ஊர்க்கதையில் ஸ்விட்ச் பொய், வன்மம் பொய், வயர் பொய். நஸீபுக்குப் பிடிக்காததால்தான் அந்த நாடகம் நின்றது என்பது மட்டும் உண்மை. இப்படிப்பட்ட உண்மையோடு ஒரு மனிதன் எங்கே போவது? நஸீப் சனிக்கிழமை ஹந்தானைக்குப் போனார்.

மூட்டம், காற்று என்று சொல்லியிருக்கலாம். யாரும் ஏறிப் பார்க்கப் போவதில்லை. நஸீப் வாசலில் நின்று நடந்ததை நடந்தபடி சொன்னார். வின்சன்ட் சிரிப்பை அடக்க வெற்றிலைத் தட்டைத் தேடினார். றீற்றா சிரிக்கவில்லை.

“அப்போ வேணும்னு செய்யல.”

“இல்ல அக்கா. என்ட காது செஞ்ச வேல.”

அன்றும் ஞாயிறும் நஸீப் வீடு வீடாக ஏணி சாத்தினார். கீழே றீற்றா மருமகளைப் பழைய வாரங்களின் மறு ஒளிபரப்பில் போட்டுவிட்டு நின்றார். மேலே நஸீப் அழுகைக்குக் காது கொடுத்தபடி மூக்கைத் திருகினார். அழுகை உடையாமல் வந்ததும், பொலிஸ்காரரை மாற்றிப் போட்டு சிரிப்பும் உடையவில்லை என்று உறுதிசெய்த பிறகுதான் நட்டை இறுக்க உத்தரவு கிடைத்தது. ஒரு கூரையிலிருந்து இறங்கும்போது, நாடகத்து மாமியாருக்கு உண்மையில் எத்தனை பிள்ளைகள் என்று நஸீப் விசாரித்ததாகச் சொல்கிறார்கள். அவர் மறுக்கிறார்.

பூசைக்குப் பிறகு வின்சன்ட் முடிவைச் சொன்னார். புது வீட்டு வேலை நஸீபுக்குத்தான். ஆனால் அவர் கூரையில் நிற்கும் நேரமெல்லாம் கீழே டீவிக்கு முன்னால் றீற்றா நிற்பார்.

றீற்றா தன் பங்குக்கு ஒன்று கேட்டார். “எல்லாம் சரி நானா. அந்தப் புதன்கெழம?”

ஞாபகம் திரும்பிய அந்த ஒரு நாள் அவருக்கு வேண்டும். போனில் வேண்டாம். பார்த்தவர் யாராவது வந்து சொல்ல வேண்டும். நஸீப் ஒப்புக்கொண்டார். றம்லத்திடம் இருமுறை கதை கேட்டு, பாடமாக்கி, அடுத்த சனி றீற்றா வீட்டு வாசலில் உட்கார்ந்து சொன்னார். மருமகளின் கணவனுக்கு இரண்டாம் கல்யாணம், மண்டபம் நிறைய ஆட்கள். பலகாரத் தட்டோடு வந்த அவள் வழுக்கி விழுந்து தலையைத் தூணில் மோதுகிறாள்.

“தூணுக்கு ஒண்டும் ஆகல்ல,” என்றார் நஸீப். சொல்ல நினைத்திருக்கவில்லை, வந்துவிட்டது.

மாமியார் மயங்கி மாலைத் தட்டிலேயே விழுந்த இடம் வந்தபோது பக்கத்து வீட்டாரும் கூடியிருந்தார்கள். வின்சன்டுக்குப் புரை ஏறியது. றீற்றாவே சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். எல்லாம் அடங்கிய பிறகு கண்ணைத் துடைத்தார்.

“இது கணக்குல சேராது நானா. அழற மாதிரி சொல்லுங்க.”

அதன்பின் நஸீப் பலமுறை ஹந்தானைக்குப் போய்விட்டார். புது வீடுகளில் பாதிக்கு டிஷ் ஏறிவிட்டது. மழையிலும் இரண்டு கட்சியும் தெளிவாக வருகின்றன. போகிற வழியில், வேனுக்குள் தனியாக, முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு அந்தப் புதன்கிழமையைச் சொல்லிப் பார்க்கிறார். தூண் வரைக்கும் சரியாகத்தான் போகிறது.

போன தடவை றீற்றா தேத்தண்ணீரை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். நஸீப் தொண்டையைச் செருமினார். மண்டபத்தைச் சொன்னார், பலகாரத் தட்டைச் சொன்னார். தூணை நெருங்கும்போது வாய் ஓரம் கோணத் தொடங்கியது. தேத்தண்ணீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, போன் அடிக்கிறது என்று எழுந்து போனார்.

போன் அடிக்கவில்லை.