விரித்து வெட்டிய சட்டை

பிளஸ் டூ வந்த புதிது. போடியில் எங்கள் பெண்கள் பள்ளியில் தொழிற்பிரிவு என்று ஒன்றைத் திறந்து, துணியும் தையலும் அதில் பாடம் என்றார்கள். மார்க் குறைந்தவர்கள் எல்லாரையும் அங்கே தள்ளினார்கள். நல்ல மார்க் வாங்கியிருந்த என்னைத் தள்ள ஆளில்லாததால் நானாகவே போய்ச் சேர்ந்தேன். தலைமையாசிரியை என்னை அறைக்குக் கூப்பிட்டு, "ஒனக்குக் காய்ச்சல் கீய்ச்சல் இல்லையே?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

காய்ச்சல்தான், வேறு வகை. ஒரு நூலை நெருப்பில் காட்டினால் அது பருத்தியா பட்டா நைலானா என்று வாசனையே சொல்லிவிடும் என்பதை முதல் வாரத்தில் கற்றுக்கொண்டேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எந்தத் துணிக்கும் பாதுகாப்பில்லை. முந்தானை முந்தானையாக இழை உருவிக் கொளுத்தினேன். "இவ படிச்சு முடிக்கிறதுக்குள்ள எனக்குக் கட்டத் துணி இருக்காது" என்று அம்மா பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, அப்பாவின் ஏலக்காய்க் கடையிலேயே இருந்தார். என்னைக் கண்டாலே அவருக்குக் கேலி. "ஏத்தா, தையக்காரன் மக டீச்சருக்குப் படிக்கிறா. ஏலக்கா யாவாரி மக தையலுக்குப் படிக்கிறா. பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுக்க ஆள் வேணும்னு பஜார்ல கேட்டாக, சொல்லட்டுமா?" என்பார். நான் காஜாவில் எத்தனை வகை உண்டு என்று விளக்கத் தொடங்குவேன். அவர் செருப்பைத் தேடத் தொடங்குவார்.

இதையே பட்டப் படிப்பாகச் சொல்லித் தருகிற கல்லூரி மதுரையில் இருந்தது. அங்கே போகவேண்டும் என்பது என் பிடிவாதம். அப்பா அதிகம் பேசுகிறவரல்ல. ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே முடிவைச் சொன்னார்: "பரீட்சைக்கு வெளியூர் டீச்சர் வருவாகல்ல, அவுக நல்லாருக்குன்னு சொல்லட்டும், அனுப்புறேன். இல்லன்னா இத்தோட போதும்."

செய்முறைத் தேர்வு இப்படி. வீட்டில் ஒருவருக்கு அளவெடுத்து, வகுப்பிலேயே வெட்டித் தைக்கவேண்டும். தேர்வு நாளில் அவரையே அழைத்து வந்து போட்டுக் காட்டவேண்டும். மற்றவர்கள் தம்பி தங்கைகளைப் பிடித்தார்கள். குழந்தைக்குக் கவுன் தைத்துத் தேர்வில் தேறுவது எனக்கு மானக்குறைவாகப் பட்டது. அப்பாவுக்கு முழுக்கைச் சட்டை என்று பெயர் கொடுத்துவிட்டேன்.

அதில் ஒரு சவாலும் இருந்தது. அப்பாவுக்கு எந்தச் சட்டையும் ஒழுங்காக நின்றதில்லை. இடது பக்கம் சுருங்கி, காலர் ஒருபுறம் இழுத்துக்கொண்டு நிற்கும். "தையக்காரன் சரியில்ல" என்று அவர் பஜாரில் இருந்த அத்தனை கடையையும் மாற்றியாயிற்று. அந்தச் சுருக்கத்தின் மேல் எப்போதும் ஒரு துண்டு கிடக்கும்.

அளவெடுத்த அன்று துண்டை எடுக்கச் சொன்னேன். தயங்கித்தான் எடுத்தார். சுவரோடு நிற்கவைத்து இரண்டு தோளுக்கும் சாக்பீஸால் கோடு போட்டேன். இடது கோடு ஒரு இஞ்ச் கீழே நின்றது. தரை சரிவாக இருக்குமோ என்று இடம் மாற்றிப் பார்த்தேன். அங்கேயும் அதே ஒரு இஞ்ச்.

"ஒரு பக்கம் எடுத்தாப் போதும்த்தா. எல்லா டெய்லரும் அப்படித்தான் எடுத்தாக" என்றார் அப்பா.

"அதனாலதாம்ப்பா ஒரு சட்டையும் நிக்கல! ஏன் இந்தத் தோளு இறங்கியிருக்கு?"

அப்பா துண்டுக்குக் கை நீட்டினார். அடுப்படியிலிருந்து அம்மாதான் சொன்னாள். "பொறவியிலயே அப்படி. வாய மூடிக்கிட்டு அளவ எடு."

எனக்கு அது போதும். காரணம் யாருக்கு வேண்டும், ஒரு இஞ்ச் கிடைத்துவிட்டதே!

துணியை இரண்டாக மடித்து ஒரு பாதியை வரைந்து வெட்டினால் மறுபாதி தானாக வந்துவிடும். அப்படித்தான் எங்களுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள், உலகமே அப்படித்தான் வெட்டுகிறது. நான் மேசை மேல் பாப்ளின் துணியை முழுசாக விரித்தேன். வலது தோளுக்கு ஒரு கோடு, இடது தோளுக்கு இறக்கி ஒரு கோடு. கத்தரியை வைத்ததும் பக்கத்து மேசைக்காரி வாயில் கை வைத்தாள். "அடிப்பாவி, மடிக்காம வெட்டுறாளே!"

தேர்வு நாளில் வகுப்பறை கல்யாண வீடு மாதிரி இருந்தது. அம்மாக்கள், அத்தைகள், கவுனைக் கழற்றி எறிந்த குழந்தைகள். பள்ளிக்குத் தையல் மிஷின்கள் வாங்கிக் கொடுத்த பெரிய ஏலக்காய் வியாபாரி முன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அப்பா தினமும் மண்டியில் பார்க்கிற மனிதர். மாமாவும் வேடிக்கை பார்க்க வந்து சன்னலோரம் நின்றார்.

வெளியூர் டீச்சர் என் சட்டையை எடுத்து நடுவில் மடித்து, தோளோடு தோளை வைத்துப் பார்த்தார். பொருந்தவில்லை.

"என்னம்மா, வெட்டும்போது துணி நழுவிருச்சா?"

"இல்ல டீச்சர், அளவே அப்படித்தான்."

"தப்பு நம்ம கையில. பழிய அளவு மேல போடக்கூடாது" என்று சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்தார். எனக்கு மதுரை பஸ் கண்ணெதிரே கிளம்பிப் போவது போல் இருந்தது.

"போட்டுப் பாத்துட்டு எழுதுங்க டீச்சர்!" என்று கத்தியே விட்டேன்.

அப்பா மறைப்புக்குப் பின்னால் போய்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு துண்டோடு வந்தார். துண்டை எடுக்கச் சொன்னார் டீச்சர். எடுத்தார். ஒரு சுருக்கமில்லை. காலர் கழுத்தைச் சுற்றி நேராக நின்றது. நான் துள்ளிக் குதிக்கப் போன நேரத்தில் டீச்சர் சிரித்தார்.

"ஐயா, மகளுக்காகச் சாஞ்சு நிக்காதீங்க. நேரா நில்லுங்க."

அறையே சிரித்தது. மிஷின் கொடுத்தவரும் குலுங்கிச் சிரித்தார். அப்பா மூச்சை இழுத்து நிமிர்ந்து நின்றார். இடது தோள் அங்கேயேதான் இருந்தது.

"முடியாதும்மா" என்றார். "சின்ன வயசுல மேல எஸ்டேட்டுல இருந்து குரங்கணி மலைப்பாதை வழியா ஏலக்கா மூட்டை சுமந்து எறக்குவேன். கூலிக்கு. இந்தத் தோள்லதான். அப்ப இறங்குன தோளு, அப்புறம் ஏறவே இல்ல. பிள்ளை சரியாத்தான் வெட்டியிருக்கு."

சிரிப்பு நின்றது. மிஷின் கொடுத்தவர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து, "நீங்களா அண்ணாச்சி? பரம்பரையா யாவாரம்னுல்ல நெனச்சிருந்தேன்" என்றார்.

"எல்லாரும் அப்படித்தான் நெனச்சாக. நானும் அப்படியே விட்டுட்டேன்" என்றார் அப்பா.

டீச்சர் பேனாவை மூடிவிட்டு எழுந்து வந்தார். அப்பாவின் தோள் தையலை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு மற்ற பெண்களைக் கூப்பிட்டு, "இங்கன வந்து பாருங்கடி. துணிய மடிக்காம ஆளுக்குத் தக்கன விரிச்சு வெட்டியிருக்கா" என்றார். அந்த வாக்கியத்தை இன்றைக்கும் எழுத்துப் பிசகாமல் சொல்வேன்.

வீடு திரும்பும் வழியெல்லாம் நான்தான் பேசினேன். வாய்மொழிக் கேள்விக்கு அப்பா என்ன அழகாகப் பதில் சொன்னார் என்று அவருக்கே பாராட்டு வழங்கினேன். பொறவியிலயே என்று சொல்லியிருந்தால் டீச்சர் நம்பியிருக்கமாட்டார்; மூட்டை என்றதும் நம்பிவிட்டார்; நல்ல சமயத்தில் நல்ல காரணம் என்று என் கணக்கு ஓடியது. அப்பா புதுச் சட்டையைக் கழற்றாமலே நடந்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மாமா பொறுக்கமாட்டாமல் கேட்டார்: "ஏன் மச்சான், இத்தனை வருசம் கட்டிக் காத்ததப் போயி அந்தாளு முன்னால போட்டு ஒடைக்கணுமா? நாளைக்கு மண்டியில என்ன பேசுவாக?"

அம்மா தண்ணீர்ச் செம்போடு அப்படியே நின்றாள்.

"பேசிட்டுப் போறாக" என்றார் அப்பா. "நான் வாய மூடிட்டு நின்னா பிள்ளை வெட்டுனது தப்புன்னுல்ல ஆகும்?"

மாமா செருப்பைத் தேடத் தொடங்கினார். அம்மா சட்டென்று அடுப்படிக்குள் போய்விட்டாள். மூன்று பேரும் ஏன் இப்படிப் பேச்சற்றுப் போனார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. தேறிவிட்ட சந்தோஷத்தில் வாயடைத்துப் போய்விட்டார்கள் என்று முடிவுகட்டிக்கொண்டு, மதுரைக்கு எடுத்துப்போகப் பெட்டி எது என்று பரணில் ஏறித் தேட ஆரம்பித்தேன்.