ஆறாவது கொக்கி

சனிக்கிழமை மதியம் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, அம்மாவும் நானும் ஆறு கொக்கிகளுக்குச் சிவப்புப் பொட்டு வைத்தோம். பாறை ஏறுகிறவர்கள் கயிற்றை மாட்டும் அலுமினியக் கொக்கிகள். உள்ளங்கை நீளம், திருகி மூடும் வாய். அம்மா ஒவ்வொன்றாகத் துடைத்துக் கொடுத்தாள். நான் நகப்பூச்சால் பொட்டு வைத்தேன். நாங்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை அது.

அந்தப் பொட்டுக்கு ஒரு பொருள் உண்டு. நான் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். கிரேன் சங்கிலி, கம்பி வடம், தூக்குப்பட்டை என்று வருவதையெல்லாம் இயந்திரத்தில் மாட்டி, அறும்வரை இழுத்து, எந்த விசையில் அறுந்தது என்று எழுதிக் கொடுப்பேன். அம்மா கொக்கி வாங்கினால் ஒரே பெட்டியிலிருந்து ஏழாக வாங்குவாள். ஒன்றை நான் உடைக்க வேண்டும். அது தாங்கினால் மற்ற ஆறுக்கும் பொட்டு. பொட்டு இல்லாத கொக்கியில் அவள் தொங்க மாட்டாள். இந்த விதியைப் போட்டவள் நான் இல்லை, அவள்.

"இன்னும் உடைக்கலையேடி," என்றாள் அன்று.

"மெஷினை அளவு சரிபார்க்க அனுப்பியிருக்காங்கம்மா. வர பத்து நாள் ஆகும். அதே கடை, அதே பெட்டி. போன தடவை இருபத்திரண்டு கிலோநியூட்டன் தாங்குச்சுல்ல?"

"நீ சொன்னா சரி. படிச்சவ நீ."

நான் பொட்டு வைத்தேன். ஏழாவது கொக்கியை என் பையின் பக்கவாட்டில் போட்டுக்கொண்டேன்.

அம்மா ஓட்டல்களுக்கு வெளுத்துக் கொடுக்கும் பெரிய சலவைக்கூடத்தில் துணி பிரிக்கும் மேசையில் இருபத்தாறு வருடம் நின்றவள். பதினோரு ஓட்டல்களின் வெள்ளை விரிப்புகள் ஒரே குவியலாக வரும். ஓரத்தில் நூலால் போட்ட குறியைப் பார்த்துப் பிரிக்க வேண்டும். குறி வெளுத்துப்போன விரிப்பைக்கூடத் கையில் தூக்கிப் பார்த்தே எந்த ஓட்டலுடையது என்று சொல்லிவிடுவாள். எடை மிஷின் அவளுக்குத் தேவைப்பட்டதில்லை.

நாற்பத்தேழு வயதில் பாறை ஏறத் தொடங்கினாள். அதே கூடத்தில் இஸ்திரிப் பிரிவில் இருக்கும் அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போனார். ஊருக்கு வெளியே, கைவிட்ட கல்குவாரி. போனவள் திரும்பி வந்து முழங்கைச் சிராய்ப்பைக் காட்டிச் சிரித்தாள். அப்பா நாளிதழை மடிக்காமலே சொன்னார்: "அலமாரி மேல இருக்கிற டப்பாவை எடுன்னா முட்டி வலிங்கறா. பாறைன்னா பறக்கறா." சலவைக்கூடத்தில் அவளுக்குப் பல்லி என்று பெயர் வைத்தார்கள். அவளும் போனை எடுத்தால், "பல்லிதான் பேசறேன்," என்பாள்.

விளையாட்டுச் சாமான் கடையில் பாறை ஏறப் போடும் ஒரு ஜோடி ஏற்றச் செருப்பின் விலையைக் கேட்டுவிட்டு, "சாமி, நான் வெறுங்காலோடவே வர்றேன்," என்று வெளியே வந்தவள், அடுத்த இரண்டு வருடம் ஊரிலுள்ள கடைகளையெல்லாம் சல்லடை போட்டுச் சலித்தாள். பழைய செருப்பு விற்கும் கடையில், குவியலுக்கு அடியில், யாரோ கழித்துவிட்ட ஏற்றச் செருப்பு ஒற்றைக்கால் கிடைத்தது. மறுகால் மூன்று வாரம் கழித்து அதே குவியலில் கிடைத்தது. அளவு அரை எண் வேறு. செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து அடிப்பாகம் மாற்றினாள். கையில் தடவும் வெள்ளைப் பொடி உடற்பயிற்சிக் கூடத்துக்குச் சாமான் விற்கும் கடையிலிருந்து வந்தது. பொடிப் பை ஓட்டல் கழித்த துவாலையில் தைத்தது. இடுப்புப் பட்டையும் கொக்கியும் உயரக் கட்டடத்தில் வேலை செய்பவர்களுக்கான சாமான் கடையில் வாங்கினாள். கயிற்றை மட்டும் ஒன்றரை வருடம் பணம் சேர்த்துப் புதிதாக வாங்கினாள். "அடுத்தவன் கயிறு அடுத்தவன் விழுந்த கதையை நம்மகிட்ட சொல்லாது," என்பாள்.

முதல் கொக்கியை நான் உடைத்த நாள் அறிக்கையை வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

"கிலோல சொல்லுடி."

"ரெண்டாயிரத்து இருநூறு."

"அடிப்பாவி, அவ்வளவு குண்டாவா இருக்கேன் நான்?"

பொட்டு வைத்த சனிக்கு அடுத்த சனி எனக்குக் கூடுதல் வேலை. வாரநாளில் விடுதியில் தங்குகிறவள், அந்த வாரம் வீட்டுக்கும் போகவில்லை. ஞாயிறு அவர்கள் குவாரியின் புதுப் பக்கத்தில் ஏறுவதாக இருந்தது. உயரம் அதிகம், கொக்கியும் அதிகம் வேண்டும். அதற்காகத்தான் அந்த ஏழு கொக்கிகளை வாங்கினாள்.

ஞாயிறு காலை பதினொன்றரைக்கு அம்மா விழுந்தாள். மருத்துவமனை போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

இஸ்திரி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டே சொன்னார்: "ஏறி முடிச்சாச்சு கண்ணு. எல்லாத்தையும் கழட்டிட்டு இறங்குற வழியில கால் வழுக்கிடுச்சு. காலைல தூறல்."

"நீங்க பார்த்தீங்களாக்கா?"

"நான் கீழ கயிறு சுத்திட்டிருந்தேன். சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன்."

பார்க்கவில்லை. நான் மனதில் குறித்துக்கொண்டது அது ஒன்றைத்தான்.

"எத்தனை கொக்கி போட்டிருந்தாங்க?"

"எண்ணலையே கண்ணு."

மருத்துவமனையிலிருந்து வந்த பையில் கயிறு, பட்டை, செருப்பு, ஆறு பழைய கொக்கிகள் இருந்தன. புதியவை சமையலறை இழுப்பறையில், கரண்டிகளுக்குப் பின்னால், ஒரு துணியில் சுற்றி இருந்தன. எண்ணினேன். ஐந்து. மறுபடி எண்ணினேன். ஐந்து.

பதினோராம் நாள் வேலைக்குப் போனேன். இயந்திரம் திரும்பி வந்திருந்தது. வாடிக்கையாளர் சங்கிலிகள் வரிசையில் காத்திருந்தன. நான் என் பையிலிருந்த ஏழாவது கொக்கியை முதலில் மாட்டினேன். திரையில் எண் ஏறியது. ஐந்து. ஆறு. ஏழு தாண்டியதும் வாய் விரிந்து, முதுகு பிளந்தது. இருபத்திரண்டு என்று அதன்மேல் பொறித்திருந்தது. ஒரு வலுவான விழுதலில் கொக்கிமேல் ஏழு கிலோநியூட்டன் வந்துவிடும். இதை நான் கணக்குப் போட வேண்டியதே இல்லை. பயிற்சி வகுப்பில் நானே மற்றவர்களுக்குச் சொல்வது.

அறிக்கைத் தாளில் 'கோரியவர்' என்ற இடத்தை நிரப்பாமல் விட்டேன்.

அதற்குப் பிறகு ஆறாவது கொக்கியைத் தவிர எனக்கு வேறு நினைப்பு இல்லை. அரை நாள் விடுப்பெடுத்துக் குவாரிக்குப் போய், அவள் விழுந்த இடத்தைச் சுற்றிப் புல்லைக் கையால் விலக்கித் தேடினேன். அறுந்த கொக்கி இரண்டு துண்டாகத்தான் கிடைக்கும், அதில் ஒரு துண்டில் நான் வைத்த பொட்டு இருக்கும். அப்படித்தான் நினைத்துக்கொண்டு தேடினேன். பாட்டில் மூடிகள் கிடைத்தன. சாயங்காலம் அப்பா கேட்டார், "முழங்கால்ல என்ன மண்ணு?" "விழுந்துட்டேன்ப்பா," என்றேன். சொன்ன பிறகுதான் அந்தச் சொல் இரண்டு பேருக்கும் உறைத்தது.

மறுநாள் சாமான் கடைக்குப் போனேன். அந்தப் பெட்டி இன்னும் விற்பனையில் இருந்தால் எடுக்கச் சொல்ல வேண்டும். என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

கடைக்காரர் ஏணிக்கும் தலைக்கவசக் குவியலுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார். யார் என்று சொன்னேன்.

"பல்லியம்மா பொண்ணா? வாம்மா. கேள்விப்பட்டேன். மனசே சரியில்ல." பிறகு, "ரசீது கொண்டு வந்தியா?" என்றார்.

"என்ன ரசீது?"

"அந்தக் கொக்கி ரசீதுதான். அந்த ஞாயித்துக்கு முந்தின வியாழக்கிழமை கடைக்கு வந்து சண்டை போட்டாங்களே, உனக்குத் தெரியாதா?"

நான் பக்கத்திலிருந்த பெயின்ட் டப்பாமேல் உட்கார்ந்தேன்.

"ஒரு கொக்கியைக் கொண்டாந்து மேசைல டக்குனு வெச்சாங்க. 'இதுல பொறிச்சிருக்கிற ரெண்டுங்கற எண்ணோட வால் வேற மாதிரி இருக்கு. பழசுல வால் நீளம். கையில தூக்கினா இது லேசா இருக்கு. எங்க வாங்கினீங்க?'ன்னாங்க. நான், 'அம்மா, எல்லாம் ஒண்ணுதான்'னேன். 'ஓட்டல்காரன் விரிப்பை மாத்தி அனுப்பிட்டும் இதையேதான் சொல்லுவான்'னாங்க. தராசுல போட்டுப் பார்த்தோம். ஒம்பது கிராம் கம்மி."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, உள்ளதைச் சொன்னேன். பழைய ஆள்கிட்ட சரக்கு இல்ல. வேற ஆள்கிட்ட எடுத்து, இருந்த பெட்டியிலயே கொட்டிட்டேன். தப்புதான். 'நீங்க விக்கிறது கட்டுறதுக்கா, ஆளைத் தொங்கவிடறதுக்கா'ன்னு கேட்டாங்க. அப்பவே பெட்டியை உள்ள தூக்கிப் போட்டேன். நின்னு பார்த்துட்டுத்தான் போனாங்க."

"கொண்டுவந்த கொக்கி?"

அவர் இழுப்பறையைத் திறந்து மேசைமேல் வைத்தார். முழுதாக இருந்தது. வாய் திருகி மூடியிருந்தது. பொட்டு லேசாக வழிந்திருந்தது. அன்று என் கை அவசரப்பட்டிருக்கிறது.

"பொண்ணுதானே சோதிச்சுக் குடுக்கும், அதுக்குத் தெரியுமான்னு கேட்டேன்," என்றார். "'தெரியாது. நீங்களும் சொல்லிடாதீங்க. அவ ராத்திரி தூங்க மாட்டா'ன்னாங்க."

ஆக, அவள் விழுந்தது என் பொட்டால் இல்லை. நனைந்த பாறையால். இஸ்திரி அக்கா சொன்னது சரிதான். இதைத் தெரிந்துகொள்ளத்தான் தேடிக்கொண்டிருந்தேன். தெரிந்த பிறகும் டப்பாமேலேயே உட்கார்ந்திருந்தேன். பொட்டு வைத்தவள் நான்தான். அம்மா கண்ணால் பார்த்ததை, கையால் தூக்கியதை நான் செய்யவில்லை. என் தப்பை அவளே கண்டுபிடித்து, அவளே சரிசெய்து, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பழைய ஆறு கொக்கிகளோடு குவாரிக்குப் போயிருக்கிறாள்.

கடைக்காரர் பின்னால் போய் ஒரு காகிதப் பையை எடுத்து வந்தார். பழைய ஆளிடம் சொல்லி வரவழைத்த சரக்கு. பைமேல் பேனாவால் எழுதியிருந்தது: பல்லியம்மா, 7.

"ஒண்ணு உனக்கு உடைக்கன்னு சொல்லித்தான் ஏழு கேட்டாங்க," என்றார். "'மீதி அஞ்சையும் ரசீதோட திங்கள்கிழமை கொண்டாறேன், அப்ப இதை எடுத்துக்கறேன்'னாங்க."

ஐந்தும் இழுப்பறையில், கரண்டிகளுக்குப் பின்னால், அவள் சுற்றிவைத்த துணியில் இருக்கின்றன. துணிக்குள் ரசீதும் இருக்கிறது, நான்காக மடித்து.