மெரூன் சட்டைக்கு மேல் ஒரு ஜெர்கின்

நயேலி கன்டூவுக்கு ஓரிடத்தில் சும்மா உட்காரத் தெரியாது. உடம்பு அசையாவிட்டாலும் கால் ஆடும். அவள் அம்மா ஆரசெலி வீட்டு முன்னறையில் முடி வெட்டுகிறவள். வாடிக்கையாளர் தலையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "மிஹா, தையல் மிஷின் ஓட்டுனது போதும், கரன்ட்டு தீந்துடும்" என்பாள். மகளே என்பதை அந்த ஊரில் அப்படித்தான் சொல்வார்கள், கொஞ்சினாலும் திட்டினாலும்.

கால் ஆடியதற்குப் பள்ளிக்கூடத்தையும் கொஞ்சம் குறை சொல்ல வேண்டும். டெக்ஸாஸின் தென்முனையில், ஆற்றைத் தாண்டினால் மெக்ஸிகோ என்கிற பால்மித்தோவில், மூடிப்போன ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்குள் நடக்கிறது அந்தப் பள்ளி. அரசுப் பணம்தான், ஆனால் சட்டதிட்டம் சொந்தம். குலுக்கலில் பேர் வந்தால்தான் இடம். கறி வெட்டும் இடம் இருந்த மூலையில் இப்போது ரோபோ செய்கிறார்கள். மழை பெய்தால் மீன் வாடை வருகிறது என்று நயேலியின் வகுப்புத் தோழன் ரோஹேலியோ சத்தியம் செய்வான்.

பதினொன்றாம் வகுப்பு வந்ததும் பிள்ளைகளைப் பாதி நாள் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கல்லூரிக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே வாங்கும் மார்க் நிஜக் கல்லூரி மார்க், ஆயுசுக்கும் அழியாது. பள்ளி முடிகிறபோது கையில் இரண்டு பட்டம். கல்லூரிப் பட்டம்தான் முதலில் வரும். அதை வாங்கிக்கொண்டு திரும்பி வந்து, பாத்ரூம் போக டீச்சரிடம் அனுமதி கேட்கிற பிள்ளைகளை வேறு எங்கே பார்க்க முடியும்?

கல்லூரியின் கணக்கில் நயேலி பெரியவள். ஒருமுறை ஆரசெலி போன் செய்து மகள் எப்படிப் படிக்கிறாள் என்று விசாரித்தாள். "அதை நாங்கள் சொல்லக் கூடாது, மாணவியிடமே கேளுங்கள்" என்றுவிட்டார்கள். "நான் பெத்ததுதானே, நான் கேக்கக் கூடாதா?" என்று சீப்பை ஆட்டிக்கொண்டு நாள் முழுக்க வந்தவர்களிடமெல்லாம் பொருமினாள். நயேலிக்கு உள்ளுக்குள் ஒரே குளிர்ச்சி.

அந்தக் குளிர்ச்சிதான் அவளைக் கெடுத்தது என்பது என் கட்சி.

பள்ளியின் சீருடை மெரூன் நிறச் சட்டை, நெஞ்சில் பள்ளியின் பேர். அதைப் பார்த்ததும் கல்லூரியில் வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவர்கள் ஒரு மாதிரிச் சிரிப்பார்கள். "சின்னப் புள்ளைங்க வந்துடுச்சு" என்பார்கள். அதனால் பள்ளிப் பிள்ளைகளுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கல்லூரிக் கதவைத் தாண்டியதும் முதலில் கழிவறை. உள்ளே போகும்போது மெரூன், வெளியே வரும்போது வேறு. சிலர் சட்டையையே மாற்றுவார்கள். நயேலி கறுப்பு ஜெர்கினை மேலே போட்டுக் கழுத்துவரை ஜிப்பை இழுத்துவிடுவாள். ஏப்ரல் மாத வெயிலில் அந்த ஊரில் ஜெர்கின் போட்டு நடப்பதற்கு வைராக்கியம் வேண்டும். அவளுக்கு இருந்தது.

ஜனவரியில் கம்ப்யூட்டர் பாடத்தின் முதல் வகுப்பில் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தவள் பெர்லா ஒச்சோவா. முப்பதை நெருங்கியவள், கறிக்கடையில் வேலை, மத்தேயோ என்று நாலு வயதில் ஒரு மகன், புருஷன் இருக்கிற இடம் தெரியாது. இந்த வகுப்பில் தேறினால் கல்லூரியின் கம்ப்யூட்டர் பிரிவில் அவளுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். தேறாவிட்டால் பழையபடி கத்தி. "நீ என்னடி பண்ற?" என்று அவள் கேட்டதும் நயேலி வாய் கூசாமல், "போன் கடையில வேலை. ஃப்ரெண்டோட அபார்ட்மென்ட்ல இருக்கேன்" என்றாள். வயது பத்தொன்பது என்றாள். பதினாறு என்பது ஜெர்கினுக்குள் பத்திரமாக இருந்தது.

ஒரு பொய்க்குத் துணை தேடி இன்னொன்று வரும். வகுப்பு முடிந்ததும் பெர்லா அவளைக் காரில் ஏற்றிக்கொள்வாள். முன் சீட்டில் உட்கார்ந்து கதை கேட்டுக்கொண்டே வருவாள் நயேலி. கறிக்கடை முதலாளியின் சில்மிஷம், ஓடிப்போன புருஷன், மாமியாரின் வாய், எல்லாம் பெர்லா அவளிடம் கொட்டினாள். "அவன விட்டுத் தள்ளு பெர்லா, நீ அவனுக்கு ரொம்ப அதிகம்" என்று இவளும் வயதுக்கு மீறி ஆறுதல் சொன்னாள். பெர்லா அதைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டதும் உண்டு. இரும்பு கேட் போட்ட ஓர் அபார்ட்மென்ட் வாசலில் இறங்கிக் கையாட்டிவிட்டு, கார் திரும்பியதும் கால்வாய்க் கரையோரமாக வீட்டுக்கு நடப்பாள் நயேலி.

செமஸ்டர் கடைசியில் இருவர் இருவராக ஒன்றைச் செய்து வகுப்பு முன்னால் காட்ட வேண்டும். பெர்லாவின் யோசனைதான். கறிக்கடைக் குளிர்பெட்டியில் கரன்ட் போய்ச் சூடு ஏறினால் முதலாளி போனுக்கு எச்சரிக்கை அனுப்புகிற ஒரு சிறு பெட்டி. ஒயரெல்லாம் பெர்லா பொருத்தினாள், நிரல் நயேலி எழுதினாள். கடைசி வாரம் ஒரு பிழையைச் சரிசெய்யப் பெட்டியை நயேலி வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தாள்.

அப்போதுதான் அந்த வகுப்பை எடுக்கும் பேராசிரியர் ஸ்டேப்பிள்டன், செய்ததைக் காட்ட வேண்டிய நாளை வியாழனிலிருந்து செவ்வாய்க்கு மாற்றினார். "யாருக்காவது ஆட்சேபம் இருக்கா?" என்றார்.

செவ்வாய் என்றதும் நயேலி நிமிர்ந்தாள். அன்றைக்குப் பள்ளியில் மாநிலத் தேர்வு, அமெரிக்க வரலாறு. கல்லூரிக்கும் பள்ளிக்கும் வேறு வேறு காலண்டர், ஒன்று இன்னொன்றைத் திரும்பிக்கூடப் பார்க்காது. கையைத் தூக்கி, "எனக்கு ஸ்கூல்ல பரீட்சை" என்று சொன்னால் முடிந்தது. முன்கூட்டியே சொன்னால் அவரும் நாள் தருவார், பள்ளியிலும் தனி அறை தருவார்கள்.

"உனக்குக் கடையில லீவு கெடைக்குமாடி?" என்று பெர்லா கிசுகிசுத்தாள்.

"பாத்துக்கலாம்" என்றாள் நயேலி. கை மடியிலேயே இருந்தது.

தேர்வைச் சீக்கிரம் எழுதிவிட்டு ஓடிவிடலாம் என்பது அவள் கணக்கு. வரலாறு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

செவ்வாய்க்கிழமை காலை மேற்பார்வைக்கு வந்தவர் மிஸ் த்ரெவீனியோ. போன்களை ஆளுக்கொரு பிளாஸ்டிக் பையில் போட்டு வாங்கிப் பெட்டியில் பூட்டினார். தேர்வறையில் தொப்பி வைத்த உடுப்புக்கு அனுமதி இல்லை என்று ஜெர்கினையும் லாக்கரில் வைக்கச் சொல்லிவிட்டார். நயேலி மளமளவென்று எழுதினாள். முதல் ஆளாக முடித்துவிட்டுக் கையைத் தூக்கினாள்.

"மிஸ், நான் காலேஜுக்குப் போகணும்."

"எல்லாரும் முடிக்கிற வரைக்கும் யாரும் வெளிய போகக் கூடாது. ரூல் படிச்சேனே, கேக்கலையா?"

"அங்க எனக்கு முக்கியமான..."

"முன்னாடியே சொல்லியிருந்தா தனி ரூம்ல உக்கார வெச்சிருப்பேன். இப்ப ரூம்ல இருந்து ஒரு ஆள் போனா எல்லார் பேப்பரும் செல்லாது. உக்காரும்மா."

உட்கார்ந்தாள். கால் ஆட ஆரம்பித்தது. ஒவ்வொருவராக முடித்து மேசைமேல் தலையைச் சாய்த்தார்கள். கடைசியில் எழுதிக்கொண்டிருந்தது ரோஹேலியோ ஒருவன்தான். அவனை அவசரக்காரன் என்று பெற்ற தாயும் சொன்னதில்லை. ஒரு கேள்வியைப் படிப்பான், கூரையைப் பார்ப்பான், உதட்டைக் கடிப்பான், திரும்பவும் அதே கேள்வி. நயேலிக்கு அடுப்புமேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது. அவன் முதுகையே முறைத்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள், திரும்ப முதுகு. எத்தனையோ வருடங்களுக்கு முந்தைய சண்டையில் யார் ஜெயித்தார்கள் என்று இவன் யோசிக்கிற நேரத்தில் அங்கே பெர்லாவின் வேலை போய்க்கொண்டிருந்தது. பெட்டி இவள் பையில், பை மூலையில். பெட்டி இல்லாமல் பெர்லா எதைக் காட்டுவாள்? அழுகை வந்தது. யாரை நினைத்து அழுவது என்று தெரியவில்லை, தப்பு தன்னுடையது என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

ஒருவழியாக ரோஹேலியோ சோம்பல் முறித்தான். "மிஸ், முடிச்சுட்டேன்னு நெனைக்கிறேன்."

"நெனைக்காதடா, முடி" என்று பின்னாலிருந்து ஒருத்தன் முனகினான்.

போன் கைக்கு வந்ததும் பெர்லாவின் செய்திகள் வரிசையாக இறங்கின. 'எங்கடி இருக்க?' 'பெட்டி உங்கிட்டதான் இருக்கு, ஞாபகம் இருக்குல்ல?' 'நம்மளக் கடைசியாப் போடச் சொல்லிட்டேன், ஓடி வா.' 'கோவமெல்லாம் இல்ல. எதாவது ஆயிடுச்சா?' 'உன் அபார்ட்மென்ட் ஆபீசுக்குப் போன் பண்ணேன், அந்தப் பேர்ல யாரும் இல்லைங்கிறாங்க.' கடைசியாக ஒன்று: 'ரெண்டு ஆஸ்பத்திரிக்கும் போன் பண்ணிட்டேன். நயேலி, எடு.'

ஜெர்கின் லாக்கரில் இருந்தது. லாக்கர் கட்டிடத்தின் அடுத்த கோடியில். நயேலி பையைத் தூக்கிக்கொண்டு நெடுஞ்சாலைப் பாலத்தடியே ஓடினாள், மெரூன் சட்டையோடு.

வகுப்பறைக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தாள் பெர்லா, காதில் போனோடு. காலடிச் சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கியவள் முதலில் முகத்தைப் பார்த்து, "அப்பாடா" என்றாள். அப்புறம் அவள் பார்வை சட்டைக்கு இறங்கியது. நெஞ்சில் இருந்த எழுத்தைப் படித்தாள். கறிக்கடைக்கு மத்தியானம் இதே சட்டையோடு பொரித்த கறி வாங்க வருகிற பிள்ளைகளை அவள் பார்க்காதவள் அல்ல.

"எத்தனாவது?" என்றாள்.

"பதினொன்னு."

பெர்லா எழுந்து பேன்ட்டைத் தட்டிக்கொண்டாள். "பெட்டிய எடு" என்றாள்.

உள்ளே ஸ்டேப்பிள்டன் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். "வந்துட்டீங்களா, சீக்கிரம்" என்று மட்டும் சொன்னார். வருகைப் பட்டியலில் யார் பள்ளிப் பிள்ளை என்று அவருக்கு முதல் நாளே தெரியும். பெர்லா பேசினாள். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை, ஆனால் எதையும் விடவில்லை. வெந்நீர்க் குவளையைப் பெட்டியருகே நயேலி வைத்ததும் பெர்லாவின் போன் அலறியது. வகுப்பு கைதட்டியது. ஸ்டேப்பிள்டன் இரண்டு கேள்வி கேட்டார், தலையாட்டினார். "நல்லா இருக்கு, ரெண்டு பேரும் பாஸ்" என்றார். பெர்லா நன்றி சொன்னாள். நயேலி பக்கம் திரும்பவில்லை.

கார் நிறுத்துமிடம் வரை நயேலி பின்னாலேயே போனாள்.

"மன்னிச்சிடுங்க" என்றாள்.

"இத்தன நாளா வாடி போடின்னு பேசிட்டு இப்ப என்ன புதுசா மரியாதை?" பெர்லா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கதவைத் திறக்காமல் நின்றாள். "என் புருஷன் விஷயமெல்லாம் ஒங்கிட்டச் சொன்னேன். ஒரு சின்னப் புள்ளகிட்ட. எனக்கே அசிங்கமா இருக்கு."

"நான் யார்கிட்டயும் சொல்லல."

"அதுவா பிரச்சினை?" அவள் சட்டென்று நிமிர்ந்தாள். "உங்கம்மாவுக்குத் தெரியுமா, நீ என் கார்ல வர்றது?"

"தெரியாது. பஸ்ல வர்றேன்னு..."

"பதினாறு வயசுப் பொண்ண அவ அம்மாவுக்குத் தெரியாம ஊரெல்லாம் ஏத்திக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன். மத்தேயோவ ஒருத்தி அப்படிக் கூட்டிட்டுப் போனா நான் என்ன பண்ணுவேன் தெரியுமா?" இதற்குத்தான் அவள் குரல் உடைந்தது. பொய்யைவிட இதுதான் அவளைச் சுட்டது. "போன் போடு அம்மாவுக்கு. கேளு. கேட்டுட்டு ஏறு."

கல்லூரிக் கணக்கில் யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத பெரியவளான நயேலி, வெயிலில் நின்று அம்மாவுக்குப் போன் போட்டாள். கத்திரிச் சத்தம் கேட்டது. கூடப் படிக்கிறவங்க கார்ல வரட்டுமா என்றாள். "யாரு? குடு அவங்ககிட்ட" என்றாள் ஆரசெலி. போனை வாங்கியதும் பெர்லா நேராக நின்றாள். "செனோரா, என் பேரு பெர்லா" என்று அம்மா போட்டு மரியாதையாக ஆரம்பித்துத் தன் ஊர், வேலை, மகன் எல்லாம் சொன்னாள். பொய்களில் ஒன்றையும் சொல்லவில்லை. "சாப்ட்டாளான்னு தெரியலங்க. இல்ல போல. சரிங்க" என்று முடித்துப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

நயேலி முன் கதவைத் திறக்கப் போனாள்.

"பின்னாடி" என்றாள் பெர்லா.

பின் சீட்டில் மத்தேயோவின் குழந்தை இருக்கைக்குப் பக்கத்தில் கால் வைக்கவே இடமில்லை. பெர்லா முன்னாலிருந்து அவனுடைய பிஸ்கட் பொட்டலத்தைத் திரும்பிப் பார்க்காமல் நீட்டினாள். நயேலி தின்றாள். வெட்கத்தைவிடப் பசி பெரிதாக இருந்தது.

இரும்பு கேட் வந்தபோது பழக்கத்தில் கார் மெதுவானது. "இங்க இல்லல்ல?" என்றாள் பெர்லா.

"இல்லங்க. கால்வாய்க்கு அந்தப் பக்கம்."

"தெனமும் கால்வாய்க் கரையிலயா நடந்து போன? அங்க நாயா திரியுமே."

"திரியும்."

பெர்லா காரைக் கால்வாய்ப் பக்கம் திருப்பினாள். வீட்டு வாசலில் ஆரசெலி கையில் சீப்போடு நின்றிருந்தாள். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்தார்கள். நயேலி இறங்கிக் கதவைச் சாத்தியதும் கண்ணாடி இறங்கியது.

"வியாழக்கிழம கடைசி வகுப்பு" என்றாள் பெர்லா, ரோட்டைப் பார்த்தபடி. "இந்தச் சட்டையோடயே வா. வேர்வையில நாறுது அந்த ஜெர்கின், ஜனவரியில இருந்து சொல்லணும்னு நெனச்சேன்."

கார் போய்விட்டது. ஆரசெலி மகளை ஒரு முறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கைகழுவிச் சாப்பிட வரச் சொன்னாள்.